கார்த்திகைக் கடைசியில் எரிநட்சத்திர மழை: எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு?

வானம் பற்றிய இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு இந்தத் தடவை குமரி மாவட்டத்தில் இருந்துதான் நிறையக் கடிதங்கள். எல்லாமே டிசம்பரில் வருகிற ஜெமினிட்ஸ் எரிநட்சத்திரப் பொழிவைப் பற்றியவை. நானும் அந்த ஊர்க்காரன்தான், வருஷா வருஷம் அந்த ராத்திரிக்காகக் காத்துக் கிடப்பவன், அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: சார், போன டிசம்பரில் டிவியில் "இன்றிரவு மணிக்கு 120 எரிநட்சத்திரம் விழும்" என்று சொன்னார்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப் போய், ஒன்பது மணியில் இருந்து பதினொன்று வரை பாய் விரித்துப் படுத்துப் பார்த்தோம். எண்ணி நாலே நாலு. சின்னவன் அழுதே விட்டான். அந்த 120 எங்கே போனது?
ஓர் அம்மா, நாகர்கோவில்

பதில்: அம்மா, உங்கள் நாலு சரியான நாலு. அதை நான் கணக்குப் போட்டே காட்டுகிறேன், அந்தச் சின்னப் பையனுக்கும் சொல்லுங்கள், அவன் ஏமாறவில்லை.

அந்த 120 என்பது ஒரு கற்பனை வானத்துக்கான எண்ணிக்கை. எரிநட்சத்திரங்கள் புறப்பட்டு வருவதுபோலத் தெரிகிற இடம் ஒருவருடைய நேர் உச்சந்தலைக்கு மேலே இருக்க வேண்டும், வானம் கும்மிருட்டாக இருக்க வேண்டும், சுற்றிலும் சுவரோ மரமோ மறைக்கக் கூடாது, மேகம் துளிகூட இருக்கக் கூடாது. இவ்வளவும் அமைந்தால் ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பார் என்பதுதான் அந்த எண். உலகத்தில் எங்கே இருந்து யார் எண்ணினாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது அளவு வேண்டும் என்பதற்காக விஞ்ஞானிகள் வைத்துக்கொண்டது. அதைச் செய்தியில் அப்படியே தூக்கிப் படித்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஜெமினிட்ஸ் புறப்படுகிற இடம் மிதுன ராசியில், புனர்பூச நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் போல ஒட்டி நிற்கும் இரண்டு நட்சத்திரங்களில் வடக்கே இருப்பதற்குக் கிட்டத்தில். டிசம்பர் 14 வாக்கில் அந்த இடம் நம் மாவட்டத்தில் இரவு எட்டு மணியை ஒட்டித்தான் வடகிழக்கே உதிக்கும். பத்து மணிக்கு 26 பாகை உயரம், அதாவது அடிவானத்தில் இருந்து உச்சிக்குப் போகிற வழியில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறியிருக்காது. அந்த உயரத்தில் 120 என்பது 53 ஆகிவிடும், ஏனென்றால் மீதி எரிநட்சத்திரங்கள் அடிவானத்துக்குக் கீழே, உங்களுக்குத் தெரியாத வானத்தில் விழுகின்றன. அப்புறம் வெளிச்சம். நட்சத்திரங்களின் வெளிச்சத்தைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நல்ல இருட்டில் தெரிகிற மங்கலான படிகளில் ஒன்று காணாமல் போனால் ஜெமினிட்ஸ் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். நாகர்கோவில் மாதிரி ஊர் நடுவில், தெருவிளக்கும் கடை போர்டும் எரிகிற இடத்தில் இரண்டரைப் படி போய்விடும். 53 இப்போது ஐந்து. பக்கத்து வீட்டு மாடியும் தண்ணீர்த் தொட்டியும் பாதி வானத்தை மறைத்திருந்தால் மணிக்கு இரண்டு, இரண்டரை. இரண்டு மணி நேரத்துக்கு நாலு.

இதே கணக்கை இன்னொரு பக்கமும் போட்டுப் பாருங்கள். புனர்பூசம் நம் ஊரில் உச்சிக்கு வருவது இரவு இரண்டேகால் மணி வாக்கில். அப்போது 65 பாகை உயரம், தலையை நன்றாக அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஊர் வெளிச்சம் இல்லாத கடற்கரையாக இருந்தால் மணிக்கு அறுபது, எழுபது சாதாரணமாகக் கிடைக்கும். ஒரே மாவட்டம், ஒரே ராத்திரி, நாலு மணி நேரம் தள்ளியும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் விலகியும் போனால் இருபது மடங்குக்கு மேல். அதனால்தான் டிவி சொல்கிற நேரத்தை நம் வீட்டு நேரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் வானம் எவ்வளவு நல்ல வானம் என்று தெரிந்துகொள்ள கருவி எதுவும் வேண்டாம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். ஆறு பெண்களையும் தனித்தனியாக எண்ண முடிந்தால் அந்த இடத்தில் உட்காரலாம். வெறும் புகைபோலத் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன். விடியற்காலை மூன்றரை, நாலுக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவேன். வருஷம் பூரா நான் எரிநட்சத்திரம் பார்த்தது எல்லாம் அந்த நேரத்தில்தான், சாயங்காலம் பார்த்ததாக நினைவே இல்லை. இது என் பிரமையா?
ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: பிரமை இல்லை அண்ணாச்சி. வருஷக் கணக்கில் வானத்தின் கீழ் நின்றவருக்குத்தான் இது தெரியும், நீங்கள் பார்த்தது அப்படியே உண்மை.

எரிநட்சத்திரம் என்பது வெளியில் கிடக்கிற தூசு நம் காற்றில் பட்டு எரிவதுதான். பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சாரலில் பைக்கில் போகிறோம் என்று வையுங்கள், சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனையும், முதுகில் அங்கொன்றும் இங்கொன்றும். சாயங்காலம் நாம் நிற்பது பூமியின் முதுகுப் பக்கம். பின்னால் இருந்து துரத்திப் பிடிக்கிற தூசுதான் அப்போது எரியும். நடுராத்திரி தாண்டியதும் பூமி திரும்பி நம்மை முன்பக்கத்துக்குக் கொண்டுவருகிறது, விடியும் நேரத்தில் நாம் ஓடுகிற திசையையே பார்த்தபடி நிற்கிறோம். எதிரே கிடக்கிற தூசெல்லாம் நம் மேல்தான். அதனால் எந்தப் பொழிவும் இல்லாத சாதாரண நாளில்கூட விடியலில் அதிகம், மாலையில் குறைவு.

ஜெமினிட்ஸ் கொஞ்சம் வேறு மாதிரி. அது புறப்படுகிற இடம் உச்சிக்கு வருவது விடியலில் இல்லை, இரண்டேகாலுக்கு. ஆனாலும் நீங்கள் வேலைக்கு இறங்குகிற நாலு மணிக்கு புனர்பூசம் மேற்கே சாய்ந்து 55 பாகையில் இருக்கும், உச்சியில் இருக்கும்போது கிடைப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அப்போதும் கிடைக்கும். ஒன்றே ஒன்று, ரப்பர் மரத்துக்கு அடியில் வானமே தெரியாது, அது எனக்கும் தெரியும், கார்த்திகையில் இலை இன்னும் உதிர்ந்திருக்காது. அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து, தலை லைட்டை அணைத்துவிட்டு, தோட்டத்துக்கு வெளியே ரோட்டோரத்திலோ குளத்தங்கரையிலோ இருங்கள். லைட் அணைத்த உடனே ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். இடையில் ஒரு தடவை மொபைலைத் திறந்து மணி பார்த்தால் போச்சு, திரும்ப முதலில் இருந்து.

கேள்வி: எந்த நாளில் எத்தனை மணிக்கு உச்சம் என்று ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே எப்படிச் சொல்கிறார்கள்? ஒவ்வொரு வருஷமும் ஏன் வேறு வேறு நேரம் சொல்கிறார்கள்? பிளஸ் டூ படிக்கிறேன், கணக்கோடு சொன்னாலும் புரியும்.
ஒரு மாணவி, மார்த்தாண்டம்

பதில்: நல்ல கேள்வி மகளே. உன் வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ஜெமினிட்ஸ் தூசு ஃபேத்தான் என்கிற ஒரு சிறுகோளோடு சேர்ந்தது. ஐந்தாறு கிலோமீட்டர் அகலமுள்ள பாறை, ஒன்றரை வருஷத்துக்குள் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி, புதன் கிரகத்தைவிட மிக நெருக்கமாகச் சூரியனிடம் போய் வருகிறது. 1983-ல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் எடுத்த படங்களில்தான் கண்டுபிடித்தார்கள், அதன் பாதையும் ஜெமினிட்ஸ் தூசின் பாதையும் ஒன்றே என்று அப்போது தெரிந்தது. மற்றப் பெரிய பொழிவுகள் பெரும்பாலும் வால்நட்சத்திரத் தூசு, இது பாறையில் இருந்து. அந்தத் தூசு, பாதை முழுக்க ஒரு ஆறு மாதிரிப் பரவிக் கிடக்கிறது. அந்த ஆற்றைப் பூமி ஒரு குறிப்பிட்ட இடத்தில் குறுக்கே கடக்கிறது. அந்த இடத்தில் தூசு எங்கே ரொம்ப அடர்த்தி என்று, பல வருஷம் பல நாட்டுக்காரர்கள் எண்ணிய எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வானியல்காரர்கள் அதைத் தேதியால் சொல்வதில்லை, சூரியனைச் சுற்றும் பாதையில் பூமி எந்தப் பாகையில் நிற்கிறது என்பதால் சொல்வார்கள். ஜெமினிட்ஸுக்கு அது 262 பாகையைக் கொஞ்சம் தாண்டி.

பூமி அதே இடத்துக்கு, நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால், 365 நாள் 6 மணி 9 நிமிஷத்தில் திரும்பி வருகிறது. காலண்டரோ 365 நாளில் முடிந்துவிடுகிறது. மிச்சம் ஆறு மணி நேரம். எனவே உச்ச நேரம் வருஷத்துக்கு ஆறு மணி நேரம் தள்ளிப்போகும், லீப் வருஷத்தில் ஒரு நாள் பின்னால் வந்து சரியாகும். 2025-ல் நம் நேரப்படி டிசம்பர் 14 பகல் ஒரு மணி வாக்கில் உச்சம். 2026-ல் அதே தேதி மாலை ஏழு மணி வாக்கில். 2027-ல் டிசம்பர் 15 பிறந்து அதிகாலை ஒரு மணி வாக்கில். நீயே போட்டுப் பார்க்கலாம்.

இப்போது பஞ்சாங்கத்துக்கு வா. சித்திரை வருஷப் பிறப்பு ஒரு வருஷம் காலையில், அடுத்த வருஷம் மத்தியானம், அதற்கடுத்த வருஷம் சாயங்காலம் என்று தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள், கவனித்திருக்கிறாயா? அதே ஆறு மணி நேரம்தான். நம் தமிழ் மாதக் கணக்கு நட்சத்திரங்களை வைத்துச் சூரியனை அளக்கிற கணக்கு. அதனால் ஜெமினிட்ஸ் தமிழ்த் தேதியில் எப்போதும் கார்த்திகை 28-ஐ ஒட்டியே வரும். மார்கழி பிறக்க ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். இங்கிலீஷ் தேதி மெல்ல மெல்ல, எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் என்று நகரும், கார்த்திகைக் கடைசி நகராது. இது எனக்கு முதன்முதலில் புரிந்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கணக்கு எப்போதுமே பலித்ததா என்றால், இல்லை. நவம்பரில் வரும் லியோனிட்ஸ் 33 வருஷத்துக்கு ஒரு தடவை புயலாகக் கொட்டும், 1833-ல் வட அமெரிக்காவில் அப்படிக் கொட்டியது, 1866-லும் வந்தது. 1899-ல் மறுபடி வரும் என்று உலகமே காத்திருந்தது, வரவில்லை. இடையில் வியாழனும் சனியும் தூசை இழுத்து விலக்கியிருந்தன. நூறு வருஷம் கழித்து டேவிட் ஆஷர், ராபர்ட் மக்நாட் என்ற இரண்டு பேர், வால்நட்சத்திரம் ஒவ்வொரு தடவை வந்தபோதும் விட்டுப்போன தூசுத் தடத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, 1999 நவம்பர் 18 அன்று இத்தனை மணிக்கு என்று சொன்னார்கள். சில நிமிஷ வித்தியாசத்தில் அப்படியே நடந்தது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் பார்த்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நமக்கு அப்போது காலை ஏழரை மணி, நல்ல வெயில். கணக்கு அவ்வளவு சரியாக இருந்தும் குமரியில் இருந்தவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உச்சம் எப்போது என்பது ஒரு கேள்வி, அந்த நேரம் நம் வானம் எப்படி இருக்கும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் அது நம் கணக்கு.

கேள்வி: குளச்சலில் இருந்து ராத்திரி வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள் நாங்கள். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார், இந்த 2026-ல் 13-ஆ 14-ஆ? எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்க்க?
ஒரு மீனவர், குளச்சல்

பதில்: டிசம்பர் 14, திங்கட்கிழமை ராத்திரி. செவ்வாய் விடியும் வரை. அதில் ஒரு மணியில் இருந்து மூன்றரை வரை உள்ள நேரம் பொன்னான நேரம்.

ஏன் என்றால், தூசு அடர்த்தி உச்சம் மாலை ஏழு மணி வாக்கில், ஜெமினிட்ஸுக்கு அந்த உச்சம் சட்டென்று விழுந்துவிடாது, அந்த ராத்திரி முழுக்க நன்றாகவே தாங்கும். இன்னொரு நல்லதும் இருக்கிறது, ஆற்றின் முன்பகுதியில் பொடித் தூசும் பின்பகுதியில் பருக்கையான தூசும் கூடுதலாக இருப்பதால், உச்சம் கழிந்த மணி நேரங்களில் பளிச்சென்று எரிகிறவை அதிகம் வரும். நிலா? டிசம்பர் 8 அமாவாசை, 14-ம் தேதி வளர்பிறைக் கீற்று, பத்து, பத்தரைக்குள் மேற்கே இறங்கிவிடும். அதற்குப் பிறகு விடியும் வரை இருட்டு. 13-ம் தேதி ராத்திரி போனாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள், ஆனால் 14 அளவுக்கு இருக்காது. 15 ராத்திரி மடமடவென்று குறைந்துவிடும்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். 2027-ல் டிசம்பர் 13 பௌர்ணமி. உச்ச நேரம் நமக்கு அருமையாக நடுராத்திரியில் வருகிறது, ஆனால் தலைக்கு மேல் முழு நிலா நிற்கும்.

எந்தப் பக்கம் என்றால், புனர்பூசத்தையே உற்றுப் பார்க்க வேண்டாம். அங்கிருந்து புறப்படுவது நம்மை நோக்கியே வருவதால் கோடு குட்டையாக இருக்கும். விலகிப் பார்த்தால் நீளக் கோடு. கரையில் இருப்பவர்களுக்கு நான் தெற்கே கடலைப் பார்த்து உட்காரத்தான் சொல்வேன், குமரிக்கு அது ஒரு வரம், தெற்கே ஊரும் இல்லை, விளக்கும் இல்லை, உங்கள் வள்ளங்களின் விளக்குகள் மட்டும்தான். வள்ளத்தில் இருக்கிற நீங்கள் விளக்குக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். விளக்கை மட்டும் அணைக்கவே வேண்டாம், வேறு வள்ளமோ கப்பலோ உங்களைப் பார்க்க வேண்டும். அப்புறம், வானிலை மையம் கடலுக்குப் போகாதே என்று சொன்ன ராத்திரி என்றால் போகாதீர்கள், கரையில் இருந்தே எல்லாம் தெரியும்.

எட்டு, ஒன்பது மணிக்கே கடலில் இருப்பீர்கள் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். புனர்பூசம் அப்போதுதான் உதித்திருக்கும், அந்த நேரத்தில் வருகிறவை காற்று மண்டலத்தை மேலாக உரசிக்கொண்டே போகும். எண்ணிக்கை ரொம்பக் குறைவு, ஒன்றிரண்டு தான், ஆனால் ஒன்று வந்தால் வானத்தின் ஒரு கரையில் இருந்து மறு கரை வரை நிதானமாகப் போகும். வாழ்நாளில் அப்படி மூன்று பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பைனாகுலர் வாங்க வேண்டுமா?
ஒரு வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். அதில் பார்த்தால் வானத்தில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். வெறுங்கண்தான் இதற்குச் சரி. அந்தக் காசுக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்குங்கள், கழுத்து வலிக்காது.

கேள்வி: தோவாளையில் பூ வியாபாரம். ராத்திரி இரண்டு மணிக்கே சந்தைக்கு வந்துவிடுவோம், முழித்திருப்பதில் கஷ்டம் இல்லை. கஷ்டம் மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் மாவட்டத்தில் வானம் எங்கே தெளிவாக இருக்கிறது? எங்கே போய்ப் பார்ப்பது?
ஒரு வாசகர், தோவாளை

பதில்: நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை, ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று, அது விவசாயத்துக்குக் கொடுப்பினை, வானம் பார்க்கிறவர்களுக்குத்தான் சோதனை. அதிலும் மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழை அதிகம். உங்கள் தோவாளை, ஆரல்வாய்மொழி, அகஸ்தீஸ்வரம் பக்கம் குறைவு. அதனால் நீங்கள் மேற்கே மலைப்பக்கம் ஓட வேண்டாம், இருக்கிற இடமே நல்ல இடம். சந்தை வெளிச்சத்தை விட்டு ஒரு கிலோமீட்டர் வயல் பக்கம் இறங்கினால் போதும். முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு கண்ணை உறுத்தும், காற்றும் ஆளைத் தள்ளும். கன்னியாகுமரி ஊருக்குள் வேண்டவே வேண்டாம், கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் விளக்கு. கடற்கரை வேண்டும் என்றால் சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் பக்கம் பார்க்கலாம், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள், அலைக்குக் கிட்டத்தில் படுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்று, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி வந்துவிடக் கூடாது. சில வருஷம் முன்னால் வீட்டோடு எல்லோரும் மரச்சீனிக் கிழங்கு அவித்து, பிளாஸ்கில் கட்டன் சாயா போட்டு எடுத்துக்கொண்டு சொத்தவிளைக்குப் போனோம். பத்து மணிக்கு இடி, பதினொன்றுக்குத் தூறல், வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கிழங்கைத் தின்று முடித்தோம். ஒரு மணி ஆனதும் எல்லோர் முகமும் தொங்கிப் போய், சரி கிளம்பலாம் என்று நான்தான் சொன்னேன். ஈத்தாமொழி தாண்டி வரும்போது தென்னைகளுக்கு இடையில் மேகம் கிழிந்து நட்சத்திரமாகக் கொட்டிக் கிடந்தது, வண்டியின் முன் கண்ணாடி வழியாகவே மஞ்சளாக ஒன்று, நாலு விரல்கடை நீளத்துக்கு, கண்ணெதிரே இழுத்துக்கொண்டு போனது. வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்ப்பதற்குள் பின்னால் இருந்து அடுத்த மேகம் வந்து மூடிவிட்டது. அங்கேயே கடற்கரையில் அரை மணி நேரம் கூட இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நம் பக்கம் இந்த மழை பெரும்பாலும் சாயங்காலம் கட்டி, ராத்திரி பெய்து, சாமத்துக்கு மேல் ஓயும். புனர்பூசம் உச்சிக்கு வருகிற நேரமும் அதுதானே. வானிலைத் துறையின் செயற்கைக்கோள் மேகப்படத்தை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை பாருங்கள், மேகம் எந்தப் பக்கம் நகருகிறது என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்கும்போது மொபைல் திரையில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணுவதற்கு நாங்கள் புளியங்கொட்டை வைத்திருப்போம். ஒரு கை நிறைய எடுத்து வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு, எரிநட்சத்திரம் ஒன்றுக்குக் கொட்டை ஒன்று, பக்கத்தில் வைத்திருக்கிற சிரட்டைக்குள். வெளிச்சமே வேண்டாம், கண்ணை எடுக்கவும் வேண்டாம். காலையில் கொட்டி எண்ணினால் கணக்கு. மணிக்கு ஒரு சிரட்டை என்று மாற்றி வைத்தால் எந்த மணியில் எத்தனை என்பதும் வந்துவிடும்.

கேள்வி: எரிநட்சத்திரம் விழுவதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார்கள். பிள்ளைகளை மாடிக்கு விடவே பயப்படுகிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?
ஒரு வாசகி, இரணியல்

பதில்: எங்கள் ஆச்சியும் இதையேதான் சொன்னார்கள் தங்கச்சி, அவர்கள் சொல்லச் சொல்ல நான் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வானத்தைப் பார்ப்பேன். மாமியாரிடம் வாதாட வேண்டாம். விழுவது நட்சத்திரம் இல்லை, மணல் பருக்கையோ பட்டாணியோ அளவுள்ள தூசு, எண்பது நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே, வினாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து காற்றில் எரிந்து தீர்ந்துவிடுகிறது, தரைக்கு எதுவும் வருவதில்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். புனர்பூசம் எது, திருவாதிரை எது என்று பிள்ளைகளுக்குக் காட்டித் தரவும் அவர்களையே கேளுங்கள். எங்கள் ஆச்சிக்கு எல்லா நட்சத்திரமும் தெரியும், கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று வரிசையாகக் கையைக் காட்டிச் சொல்லித் தந்தது அவர்கள்தான். உங்கள் மாமியாரும் அன்றைக்கு மாடிக்கு வருவார்கள் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: டிசம்பரில் மழை கெடுத்துவிட்டால் வேறு எப்போது? ஆகஸ்டில் பெர்சீட்ஸ் என்று எல்லா இடத்திலும் பெரிதாகப் போடுகிறார்களே?
ஒரு வாசகர், கருங்கல்

பதில்: பெர்சீட்ஸ் வடக்கே இருப்பவர்களுக்குத்தான் பெரிய திருவிழா. அது புறப்படுகிற இடம் வானத்தில் ரொம்ப வடக்கே இருக்கிறது. நம் ஊரில் ராத்திரி பதினொன்றேகாலுக்குத்தான் உதிக்கும், விடியும் வரை காத்திருந்தாலும் நாற்பது பாகைக்கு மேல் ஏறாது. அதுவும் ஆகஸ்ட் 12, 13 நம் ஆடிச் சாரல் முடியாத நேரம். வானம் திறந்திருந்தால் பாருங்கள், அதற்காக லீவு போட வேண்டாம்.

நமக்கென்றே இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மே 5, 6 வாக்கில் வரும் ஈட்டா அக்வாரிட்ஸ். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசு, வினாடிக்கு 66 கிலோமீட்டர் வேகம், விர்ரென்று போய்ப் பின்னால் புகைக்கோடு விட்டுச் செல்லும். ஹாலி 1986-ல் வந்தது, இனி 2061-ல்தான் வரும், ஆனால் அதன் தூசை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கலாம், அக்டோபரிலும் மே மாதத்திலும். மே மாதத்துப் பொழிவு புறப்படுகிற இடம் கும்ப ராசியில், கிட்டத்தட்ட பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. லண்டனில் இருப்பவருக்கு அது உதிக்கும்போதே வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். நமக்கோ இரண்டு மணிக்கு உதித்து, நாலே முக்காலுக்கு நாற்பது பாகை ஏறியிருக்கும். 2027-ல் மே 6 அன்றே அமாவாசை. தென்மேற்குப் பருவமழை அப்போது இன்னும் வந்திருக்காது.

மே 5 ராத்திரி சீக்கிரம் படுத்து, மூன்று மணிக்கு அலாரம் வையுங்கள். மூன்றரைக்குள் வானத்தின் கீழ் இருக்க வேண்டும், கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்து. ஐந்து மணிக்கு மேல் வெளுக்கத் தொடங்கிவிடும்.